ஒரே தாள், இரண்டு டிக்கெட்!
விமான நேரம் மாறினால் நஷ்டம் யார் தலையில்?

தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது வேம்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் அது ஒன்று. கருப்பட்டிக்குப் பெயர் போன ஊர். வெளிநாடு என்றால் ஒரு காலத்தில் இந்தக் கரையோரத்தில் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். இப்பொழுது ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். துபாய்க்கும் தோகாவுக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு.

வேம்பாரிலிருந்து வெளிநாடு போகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது வாகைக்குளம் விமான நிலையம். அங்கே 2025 ஜூலை 26-ந் தேதி புதிய கட்டிடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பிரயாணிகளைத் தாங்கும் கட்டிடம் அது. 1,350 மீட்டர் நீளம் இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டும் திட்டமும் அதனுடன் சேர்ந்தது. ஆனால், அங்கிருந்து வழக்கமாகப் பறப்பவை உள்நாட்டு விமானங்கள். வெளிநாடு போகிறவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வேறு விமானம் மாற வேண்டும். இந்த மாறும் இடத்தில்தான் வம்பு பிறக்கிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். துபாயில் வேலை பார்க்கும் வேம்பார் வாலிபர் ஒருவர் இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பிப் போக டிக்கெட் வேண்டும். ஏஜெண்டிடம் போகிறார். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு கம்பெனி, சென்னையிலிருந்து துபாய்க்கு இன்னொரு கம்பெனி. இப்படிப் பிரித்து வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். ஏஜெண்டு இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்.

"அண்ணாச்சி, எல்லாம் ஒரே டிக்கெட்டுதானே?"

"ஒரே தாள்லதான் இருக்கு, தம்பி. பயப்படாம போயிட்டு வாங்க."

ஏஜெண்டு பொய் சொல்லவில்லை. தாள் ஒன்றுதான். டிக்கெட் இரண்டு!

சென்னையில் மாலை 4 மணிக்கு முதல் விமானம் இறங்கும். இரவு 9 மணிக்குத் துபாய் விமானம். நடுவில் ஐந்து மணி நேரம். தாராளமாகத் தோன்றுகிறது. பிரயாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் முதல் கம்பெனி நேரத்தை மாற்றுகிறது. இனி அந்த விமானம் இரவு ஏழரை மணிக்குத்தான் சென்னைக்கு வரும். வெளிநாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதாவது 8 மணிக்கு. அரை மணி நேரத்தில் விமானத்திலிருந்து இறங்கி, பெட்டி வரும் வரை காத்திருந்து, உள்நாட்டு முனையத்தை விட்டு வெளியே வந்து, வெளிநாட்டு முனையத்துக்குள் நுழைந்து, வரிசையில் நிற்க வேண்டும். நடக்கிற காரியமா?

நடக்காது. துபாய் விமானம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும். இரண்டாவது கம்பெனி, "நீங்கள் வரவில்லை, டிக்கெட் போயிற்று" என்று சொல்லும். முதல் கம்பெனி, "உங்களைச் சென்னையில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்று சொல்லும். சட்டப்படி பார்த்தால் இருவர் சொல்வதிலும் பெரிய தப்பு கிடையாது. நடுவில் இருந்த அந்த ஐந்து மணி நேரம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அது பிரயாணியின் பொறுப்பு. மிச்சம் பிடித்த சில ஆயிரம், அந்தப் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதற்கு அவர் பெற்ற கூலி என்றே சொல்லலாம்.

டிக்கெட் போவதோடு கதை முடிவதில்லை. அமீரகத்தில் குடியிருப்பு விசா உள்ளவர் பொதுவாக 180 நாளுக்கு மேல் வெளியே தங்கினால் விசா செல்லாமல் போகும். கடைசி நாள் வரை ஊரில் இருந்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு, தவறிய விமானம் தவறிய வேலையாகவும் ஆகலாம்.

கொழும்புக்கு ஒரே டிக்கெட்

இந்தக் கரைக்காரர்களின் தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அந்தக் காலத்தில் சென்னை எழும்பூரில் கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம். 'போட் மெயில்' என்று அந்த ரயிலுக்குப் பெயர். முதலில் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் என்று இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில். அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் மறுபடியும் ரயில். ரயில், கப்பல், ரயில் என்று மூன்று வாகனம். டிக்கெட் ஒன்று. ரயில் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றையொன்று பார்த்து வகுக்கப்பட்டிருந்தன. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த வழியும் அத்துடன் முடிந்தது.

இன்றைக்கும் இப்படிப்பட்ட ஒரே டிக்கெட் விமானத்தில் கிடைக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்களாக இருக்கலாம். ஒப்பந்தம் செய்துகொண்ட இரண்டு கம்பெனிகளாகவும் இருக்கலாம். அப்படி வாங்கினால் முதல் விமானம் தாமதமானாலும் கடைசி ஊர் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு கம்பெனியுடையது. பெட்டியையும் பெரும்பாலும் கடைசி ஊருக்கே சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.

தன் கையில் இருப்பது எது என்று பிரயாணி எப்படித் தெரிந்துகொள்வது? தாளில் 'பி.என்.ஆர்.' என்று ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். இரண்டு விமானத்துக்கும் இரண்டு வேறு குறியீடு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். உடனே ஏஜெண்டிடம், "டிக்கெட் நம்பர் ஒன்றா, இரண்டா?" என்று கேட்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. முதல் கம்பெனியின் இணையதளத்தில் குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் எந்த ஊர் வரை தெரிகிறது? துபாய் வரை தெரிந்தால் ஒரே டிக்கெட். சென்னையோடு நின்றால் தனி டிக்கெட். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பெட்டியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வளைகுடா டிக்கெட்டில் 30 கிலோ வரை அனுமதிப்பது சகஜம். உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டுக் கணக்கே தூத்துக்குடியிலிருந்து செல்லுபடியாவது வழக்கம். தனி டிக்கெட் என்றால் கருப்பட்டியும் கருவாடும் அடைத்த பெட்டிக்கு வாகைக்குளத்திலேயே கூடுதல் பணம் கட்ட நேரும். மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

வெளிநாட்டில் விமானம் மாறுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். துபாயில் இறங்கி வேறொரு நாட்டுக்குத் தனி டிக்கெட்டில் போகிறவர், பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியதாகலாம். வெளியே வர விசா வேண்டும். விசா இல்லாதவர் பெட்டியை எடுக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது.

நேரம் ஏன் மாறுகிறது?

விமானக் கம்பெனிகள் ஆண்டுக்கு இரண்டு கால அட்டவணை போடுகின்றன. மார்ச் மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோடைகால அட்டவணை தொடங்கும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை குளிர்கால அட்டவணை தொடங்கும். டிக்கெட்டோ பல மாதம் முன்னாலேயே விற்கப்படுகிறது. ஆகஸ்டில் வாங்கிய நவம்பர் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் நிலையானது என்று நம்பிவிடக் கூடாது. ஊருக்குக் கிறிஸ்துமஸ், பொங்கலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படி முன்கூட்டியே வாங்குகிறவர்கள்தான்.

தாமதம் என்பது வேறு. தூத்துக்குடிக்கு வருகிற விமானமே திரும்பிச் சென்னைக்குப் போகிறது. காலையில் எங்கோ ஓர் ஊரில் அது ஒரு மணி நேரம் பிந்தினால், பிற்பகலில் வாகைக்குளத்தில் நிற்கிறவருக்கும் அந்தத் தாமதம் வந்து சேரும். இங்கே வெயில் கொளுத்தும். காரணம் வடநாட்டுப் பனிமூட்டமாக இருக்கும்!

2025 ஜூனில் வேறொரு காரணம் வந்தது. 23-ந் தேதி இரவு கத்தாரில் உள்ள அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. வளைகுடா நாடுகள் சில தங்கள் வான்வெளியைத் தற்காலிகமாக மூடின. வழியில் பறந்துகொண்டிருந்த விமானங்கள் கூடத் திருப்பப்பட்டன.

டிசம்பர் தந்த அனுபவம்

எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம் 2025 டிசம்பரில் நடந்தது. விமானிகளுக்குப் போதிய ஓய்வு வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகளைக் கொண்டு வந்தது. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த ஓய்வு 48 மணி நேரமாயிற்று. இரவில் ஆறு முறை வரை இறங்கலாம் என்று இருந்தது இரண்டு முறையாகக் குறைந்தது. விதிகள் நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. தேவையான விதிதான். களைத்துப்போன விமானி ஓட்டும் விமானத்தில் யார் ஏறுவார்கள்? ஆனால், நாட்டின் உள்நாட்டுப் பிரயாணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சுமக்கும் இண்டிகோ கம்பெனி அதற்குத் தக்கபடி தயாராகவில்லை.

டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்தாயின. 1,852 விமானங்கள் தாமதமாயின. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தவித்தார்கள். பிற கம்பெனிகளின் கட்டணம் ஏறியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு போட வேண்டி வந்தது. 2026 ஜனவரியில் கம்பெனிக்கு 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

ரத்தான விமானங்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அரசு உத்தரவிட்டது. சில நாட்களில் நூற்றுக்கணக்கான கோடி திரும்பியது. இங்கேதான் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரும்பியது ரத்தான விமானத்தின் பணம். உள்நாட்டு விமானம் ரத்தானதால் தவறிப்போன வெளிநாட்டு விமானம் வேறு கம்பெனியில், வேறு டிக்கெட்டில் இருந்தால், அது அந்த உத்தரவுக்குள் வராது. நாலாயிரம் ரூபாய் திரும்பி வந்து, இருபதாயிரம் ரூபாய் போய்விடும் கணக்கு இது.

விதி என்ன கொடுக்கிறது?

விமானம் ரத்தானால், கம்பெனி குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வேறு விமானமோ பணமோ, பிரயாணி விரும்புவதைத் தர வேண்டும். ஒரு நாளுக்குக் குறைவான அவகாசத்தில் சொன்னாலோ, சொல்லாமலே விட்டாலோ, நஷ்டஈடும் தர வேண்டும். ஒரு மணி நேரம் வரை பறக்கும் விமானத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான் கிடைக்கும். வெள்ளம், போர், கலவரம் போலக் கம்பெனியின் கையை மீறிய காரணம் என்றால் நஷ்டஈடு இல்லை.

தொடர் விமானத்தைத் தவறவிட்டவருக்கும் இதே உரிமை உண்டு. ஆனால், அந்த விதியில் நான்கு சொற்கள் இருக்கின்றன: 'ஒரே டிக்கெட் எண்ணில் வாங்கியிருந்தால்'. தனி டிக்கெட்காரரை அந்த நான்கு சொற்கள் வெளியே நிறுத்திவிடுகின்றன. இது கொஞ்சம் கடுமையாகவே படுகிறது. தூத்துக்குடி போன்ற சிறிய நிலையங்களிலிருந்து எல்லா வெளிநாட்டு ஊருக்கும் ஒரே டிக்கெட் கிடைப்பதில்லை. பிரித்து வாங்குகிறவர்கள் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் அல்ல. வேறு வழியில்லாமல் வாங்குகிறவர்களும் உண்டு.

செய்தி வந்தால் என்ன செய்வது?

நேரம் மாறியதாகச் செய்தி வந்த அன்றே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். செய்தியோடு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் வரும். அவசரப்பட்டு அதை அமுக்கக் கூடாது. ஒப்புக்கொண்ட பிறகு இலவசமாக மாற்றிக் கேட்பது கஷ்டம்.

முதல் விமானத்தின் நேரம் மாறியிருந்தால் பிரயாணியின் பக்கம் பலம் இருக்கிறது. மாற்றியது கம்பெனி. ஆகவே, அதே நாளில் முந்திய விமானத்திலோ, முதல் நாள் விமானத்திலோ இடம் கேட்கலாம். பெரிய மாற்றமாக இருந்தால் பொதுவாகக் கட்டணம் இல்லாமலே மாற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தூத்துக்குடியிலிருந்து இரவில் கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை எழும்பூரில் கொண்டுவந்து விடுகிறது. இரவு 9 மணி விமானத்துக்கு அது தாராளம். மதுரை, திருச்சி, திருவனந்தபுரம் நிலையங்களிலிருந்து நேரே வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானங்களையும் அடுத்த முறை டிக்கெட் வாங்குமுன் விசாரித்துப் பார்க்கலாம். வேம்பாரிலிருந்து மதுரைக்குக் காரில் போகிற செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விமானத்தின் நேரம் மாறியிருந்தால் கதை தலைகீழ். துபாய் விமானம் இரவு 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்கு முந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி விமானக் கம்பெனிக்கு இதில் சம்பந்தம் இல்லை. மாற்றக் கேட்டால் கட்டணம் கேட்கும். ஆகவே, முதலில் துபாய் கம்பெனியிடம் பேச வேண்டும். மறுநாள் விமானத்துக்கு இலவசமாக மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும். தராவிட்டால், தூத்துக்குடி டிக்கெட்டை மாற்றும் கட்டணம் எவ்வளவு, அதை விட்டுவிட்டு ரயிலில் போனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். புது இடம் கைக்கு வராமல் பழைய டிக்கெட்டை ரத்து செய்யக் கூடாது. ஒன்றை ரத்து செய்துவிட்டு மற்றது கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே டிக்கெட் வைத்திருப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை. "தூத்துக்குடி விமானம் வேண்டாம், சென்னைக்கு ரயிலில் போய் அங்கே ஏறிக்கொள்கிறேன்" என்று தானாக முடிவு செய்யக் கூடாது. முதல் விமானத்தில் ஏறாதவரின் மீதி டிக்கெட்டைக் கம்பெனி ரத்து செய்துவிடும். திரும்பி வரும் டிக்கெட்டும் அதோடு போகலாம்.

தனி டிக்கெட்தான் என்று ஆகிவிட்டால், எத்தனை மணி நேரம் விட வேண்டும்? முதல் நாளே சென்னைக்குப் போய்விடுவது நல்லது. லாட்ஜில் ஒரு இரவு தங்கும் செலவு, தவறிய வெளிநாட்டு டிக்கெட்டின் விலையில் சிறு பங்குதான்.

ரயில் வழக்கு சொல்வது

அப்படியானால் தனி டிக்கெட்காரர் கோர்ட்டுக்கே போக முடியாதா? போகலாம். இதற்கு ஒரு வழக்கு உதாரணம்.

2016 ஜூன் 11-ந் தேதி ஒரு குடும்பம் ரயிலில் ஜம்முவுக்குப் போனது. அங்கிருந்து பகல் 12 மணிக்கு ஸ்ரீநகருக்கு விமானம். காலை 8 மணி 10 நிமிஷத்துக்கு வர வேண்டிய ரயில் 12 மணிக்குத்தான் வந்தது. விமானம் போய்விட்டது. குடும்பம் டாக்சி பிடித்து ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தது. பிறகு ரயில்வே மீது வழக்குப் போட்டார்கள். ரயில் டிக்கெட் வேறு, விமான டிக்கெட் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. தாமதத்துக்குத் தன் கையை மீறிய காரணம் இருந்தது என்று ரயில்வே நிரூபிக்கவில்லை, ஆகவே நஷ்டஈடு தர வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. டாக்சிக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய் கிடைத்தது.

இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாமதத்துக்கும் பணம் வாங்கிவிட முடியாது. விமானக் கம்பெனிகள் டிக்கெட்டிலேயே பல நிபந்தனைகளை அச்சடித்திருக்கின்றன. ஐந்தாண்டு அலைய எல்லோராலும் முடியுமா என்பதும் ஒரு கேள்வி. இருந்தாலும், முன்னறிவிப்பும் காரணமும் இல்லாமல் நஷ்டம் ஏற்பட்டவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு வேண்டியது அத்தாட்சி. நேரம் மாறியதாக வந்த செய்தியை அழிக்கக் கூடாது. தாமதமானால் கவுண்டரில் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். டாக்சி, லாட்ஜ், புது டிக்கெட் ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். அந்தச் செய்தி யார் செல்போனுக்கு வருகிறது? டிக்கெட் போடும்போது பல ஏஜெண்டுகள் தங்கள் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். நேர மாற்றச் செய்தி அவர்கள் போனில் நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவே கிடக்கும். பிரயாணி விமான நிலையத்துக்குப் போன பிறகுதான் விஷயம் தெரியும். தொடர்பு கொள்ளப் போதிய விவரம் தராத பிரயாணிக்கு நஷ்டஈடு இல்லை என்று விதியே சொல்கிறது. ஏஜெண்டின் மேஜையை விட்டு எழுந்திருக்குமுன், தாளில் தன் நம்பர்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் லீவில் இருக்கையில் துபாய் நம்பர் வேலை செய்யாது. வேம்பாரில் இருக்கும் வீட்டு நம்பரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.